பிஸ்மி முடிவதற்குள் வந்த பந்து

என் ஆசை நானாவுக்கு,

தொழுகை முடிந்து தினமும் உங்களுக்காகத் துஆ கேட்கிறேன். ஹொக்கிக் கதையை அங்கே கொண்டுபோகக் கூச்சமாக இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் மௌத்தாகி அல்லாஹ்விடம் போன பிறகு, நீங்கள் பழக்கிய பெண்பிள்ளைகளின் ஹொக்கி அணி என் கையில். உங்களுக்கு உதவியாக நின்று பந்து பொறுக்கிய தங்கச்சி இப்போது பெரிய மிஸ். சிரிக்காதீர்கள்.

ஒரே ஒரு விசயம் என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. நம் மைதானத்தில் பெனால்டி கோர்னர் கிடைத்தால் பாதி கோல் போட்ட மாதிரி. வெளியூரில் மட்டும் ஒன்றும் தேறாது. ஏன்? குருநாகல் ஆட்டத்திலும் தோற்றால் மாகாணப் போட்டியை மறந்துவிட வேண்டியதுதான்.

எத்தாளை ஊர் ஸஹ்லாதான் கோர்னரில், கோல் அடிப்பவளுக்காகப் பந்தை நிறுத்திக் கொடுப்பவள். ஒரு நாள் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். கோல் கோட்டிலிருந்து இன்னொருத்தி பந்தைத் தள்ளியதும் இவள் 'பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்' என்று முழு பிஸ்மியும் சொல்கிறாள். சொல்லி முடித்த பிறகே மட்டையைக் கிடத்துகிறாள். நீங்கள் பழக்கியது. நம் மணலில் பந்து ஆறுதலாக, மெதுவாக வரும், சரியாக இருக்கும். வெளியூர்க் கட்டாந்தரையிலோ பிஸ்மி முடிவதற்குள் பந்து அவளைத் தாண்டிவிடுகிறது.

உப்புக் களஞ்சியத்தின் சீமெந்து முற்றத்தைக் கூட்டி அங்கே பழக்கினேன். பந்தைத் தள்ள முதலே பிஸ்மியைச் சொல்லச் சொன்னேன். ஸஹ்லா அழுதுவிட்டாள்.

"சேர் சொல்லித் தந்தத மாத்த ஏலாது மிஸ். அவர் மௌத்தாயிட்டாரு எண்டா மாத்துறீங்க?"

"பிஸ்மிய விடச் சொல்லல்ல மகள், கொஞ்சம் முந்திச் சொல்லுங்க. சேர் இருந்தா அவரும் இதத்தான் சொல்லுவாரு."

அப்படிச் சொல்லியிருப்பீர்களா நானா?

போன சனிக்கிழமை குருநாகலில், ஆட்டம் முடியும் நேரத்தில் நமக்கு ஒரு கோர்னர். ஸஹ்லாவின் உதடுகள் முதலில் அசைந்தன. பிறகுதான் பந்து புறப்பட்டது. நிறுத்தினாள். கோல்! அதிலேயே வென்றோம். வரும் வழி முழுக்க பஸ்ஸில் ஒரே பாட்டு.

நான் மட்டும் பாடவில்லை. பிஸ்மியால்தான் பிந்துகிறாளோ என்ற சந்தேகம் எனக்கு முதலில் வந்தது நீங்கள் இருந்தபோதே. நானாவுக்கு நான் சொல்வதா என்று விட்டுவிட்டேன். சொல்லியிருந்தால் கோபித்திருப்பீர்களா, "அட, ஓம் தங்கச்சி" என்று தலையில் தட்டியிருப்பீர்களா? இனி யாரிடம் கேட்பேன்?

திங்கட்கிழமை பிள்ளைகளை வட்டமாக இருத்திச் சொல்லப்போகிறேன்: மிஸ் பிழை விட்டால் மிஸ்ஸின் முகத்துக்கு நேரே சொல்லுங்கள், நான் இருக்கும்போதே சொல்லுங்கள். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்களிடம் சொல்லாமல் விட்ட,
உங்கள் தங்கச்சி