கத்தரிப்பூ நிற மேலங்கியும் உன் சிவப்பு நூலும்

நைலோன் பட்டியை வெட்டினால் நுனி பிரிந்துவிடும். மெழுகுதிரிச் சுடரில் காட்டி உருக்கித்தான் அடைக்கவேண்டும். கொஞ்ச நாளுக்கு முன் அப்படிச் செய்தேன். அந்தக் கருகல் மணம் இன்னும் கடையை விட்டுப் போகவில்லை. நீ இருந்திருந்தால் முதலில் கதவைச் சாத்தியிருப்பாய், பிறகு என்னைத் திட்டியிருப்பாய். "மணத்தை வைச்சே பிடிச்சுப்போடுவாங்களடி, உனக்கு மூளை கீளை இருக்கோ?" என்று கேட்டிருப்பாய். நீ போய்ச் சேர்ந்து ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. மாங்குளத்தில் நம்முடைய தையல்கடை அதே இடத்தில்தான் இருக்கிறது. உன் மெசினைத் துணியால் மூடி வைத்திருக்கிறேன்.

உன்னைப் போல ஒரு சந்தேகப்பிராணியை நான் கண்டதில்லை. பால்காரர் சிரித்தால் பாலில் தண்ணீர் என்பாய், சிரிக்காவிட்டால் இன்றைக்குக் கூடுதலாகத் தண்ணீர் என்பாய். புதிதாக ஒருவர் சட்டை தைக்க வந்தால் நான் அளவெடுப்பேன், நீ அவருடைய செருப்பைப் பார்ப்பாய், செருப்பு ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்பாய். ஆஸ்பத்திரியில் மூச்சு விடவே கஷ்டப்பட்ட நேரத்திலும், சேலைன் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொன்னாய். நானும் பிடித்துப் பார்த்தேன். தாதி என்னைத்தான் பைத்தியம் என்று நினைத்திருப்பாள்.

ஆனால் உன் சந்தேகம் எங்கே தொடங்கியது என்பது எனக்குத் தெரியும். நீ தைக்கும் எந்த உடுப்பிலும் கழுத்துப் பக்கம், உள்மடிப்பில், சிவப்பு நூலால் ஒரு சின்னக் குறுக்குத் தையல் போடுவாய். சண்டைக் காலத்தில் பழகியது அது. ஆளின் முகம் தெரியாமல் போனாலும் உடுப்புத் தெரியும் என்பாய். உன் தம்பிக்குத் தைத்த இளநீலச் சேர்ட்டின் கொலருக்குள்ளும் அதைப் போட்டிருந்தாய். சண்டை முடிந்த நாளில் அந்தச் சேர்ட்டோடுதான் அவன் கையுயர்த்திச் சரணடையப் போனான், ஆமி அவனைப் பஸ்சில் ஏற்றியது. அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு கதையும் இல்லை. அரசாங்க அலுவலகத்தில் மரணச் சான்றிதழ் தருகிறோம் என்றார்கள். "ஆளைக் காட்டாமல் கடதாசியைக் காட்டுறாங்கள்" என்று எழும்பி வந்துவிட்டாய். அன்றிலிருந்து, திருத்துவதற்கென்று யார் எந்தச் சேர்ட்டைக் கொண்டு வந்தாலும் முதலில் கொலரைப் புரட்டிப் பார்ப்பாய்.

சரி, மணத்தின் கதைக்கு வருகிறேன். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கென்று கனடாவிலிருந்து வந்த ஒரு பிள்ளை கடைக்குள் வந்தாள். தாயின் ஊர் உருத்திரபுரமாம். நல்ல தமிழ். அந்த நல்ல தமிழே எனக்கு முதல் சந்தேகம். போனில் ஒரு படத்தைக் காட்டினாள். நெஞ்சு நிறையப் பை வைத்த மேலங்கி அது.

"அன்ரி, இது பெயின்ட்போல் வெஸ்ட். ரெண்டு பக்கமாப் பிரிஞ்சு நிண்டு, பெயின்ட் நிரப்பின சின்ன உருண்டையாலை ஆளையாள் சுடுறது. பட்டால் உடுப்பிலை நிறம் பிடிக்கும். நிறம் பிடிச்சால் அவுட்."

"சுட்டு விளையாடுறதோ?"

"ஓம் அன்ரி. எங்கடை யுனிவர்சிற்றியிலை ரீம் இருக்கு."

"அங்கை கடையிலை விக்கிறேல்லையோ?"

"விக்கினம். எல்லாம் பெரிய ஆம்பிளையளின்ரை அளவு. எனக்கு முழங்கால் மட்டும் தொங்குது. அதோடை நான் இடதுகைக்காரி. பையெல்லாம் மற்றப் பக்கம் இருக்கவேணும்."

நியாயமான காரணம்தான். ஆனால் நியாயமான காரணத்தோடு வருகிறவனைத்தான் கூடுதலாகச் சந்தேகிக்கவேண்டும் என்று சொன்னவள் நீ. இத்தனை கடை இருக்க ஏன் இந்தக் கடை? இயக்கத்தின் தையல்கூடத்தில் நாம் இருவரும் பக்கத்துப் பக்கத்து மெசினில் இருந்து இதே மாதிரிப் பைகளைத் தைத்தவர்கள் என்று யார் இவளுக்குச் சொன்னது? சண்டை முடிந்து நம்மை அடைத்து வைத்த முகாமில் அதைக் கேட்டார்கள், வெளியே வந்த பிறகும் கேட்டார்கள், இன்றைக்கும் மோட்டார் சைக்கிளில் ஒரு புலனாய்வுக்காரர் வந்து "என்ன அம்மா, சுகமா?" என்று தொடங்கி அங்கேதான் வந்து முடிப்பார். பள்ளிக்கூட யூனிபோர்ம், சாறி பிளவுஸ் என்று இவ்வளவு காலமும் தைத்து வந்த கடை இது. இப்படி ஒரு மேலங்கி கொடியில் தொங்கினால் கடையைப் பூட்டச் சொல்லிவிடுவார்கள். என்னையும் ஏற்றிக்கொண்டு போவார்கள்.

முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் என்னென்ன வேண்டும் என்று சொல்லத் தொடங்கிவிட்டாள். உருண்டை நிரப்பிய குழாய்களுக்கு இடுப்பைச் சுற்றிப் பைகள். முதுகில், துவக்குக்குக் காற்றுத் தரும் போத்தலுக்கு ஒரு பை. குனிந்து ஓடும்போது ஒன்றும் விழக்கூடாது. ஒட்டுப்பட்டி வேண்டாம், பிரிக்கும்போது சர்ரென்று சத்தம் வரும், இருக்கிற இடம் தெரிந்துவிடும். ஒரு பட்டியை இழுத்தால் முழுவதும் கழன்று விழவேண்டும். எடியே, தையல்கூடத்தில் நமக்குச் சொன்னதும் இவைதானே! வார்த்தைகூட மாறவில்லை. அவள் சிரித்துக்கொண்டு சொன்னாள், அதுதான் வித்தியாசம். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது, பிறகு பொறாமை வந்தது. சுடுபட்டவர் உடுப்பைக் கழுவிவிட்டுச் சாப்பிடப் போகிற இடமும் உலகத்தில் இருக்கிறது.

"என்ன நிறம்?" என்று கேட்டேன்.

"பச்சைப் புள்ளி, அன்ரி. மரத்துக்குள்ளை நிண்டால் தெரியாதது."

"ஆமிப் புள்ளித் துணி இஞ்சை தைக்கேலாது பிள்ளை. பிடிச்சு உள்ளை போட்டிடுவாங்கள். பச்சையும் வேண்டாம், கறுப்பும் வேண்டாம். செம்மஞ்சள் போடுவமோ?"

"ஐயோ, செம்மஞ்சள் போட்டால் என்னைத்தான் முதல் சுடுவினம்!"

"சுடட்டும். பெயின்ட்தானே."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். கடைசியில் கத்தரிப்பூ நிறத்தில் வந்து நின்றோம். பைகளுக்கு நான் வலைத்துணிதான் போடுவேன் என்று ஒரே பிடியாக நின்றேன். உள்ளுக்கு இருக்கிறது வெளியாலை தெரியவேணும் என்று நீ சொல்வாயே, அதுதான். மண் பட்டால் உதறவும் சுகம் என்று அவளுக்கு வேறு காரணம் சொன்னேன். இழுத்தால் கழலும் பட்டியை மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. அதைத் தைக்கும்போது கை தானாக ஓடியது. கழுத்து உள்மடிப்பில் சிவப்பு நூலைப் போட்டதும் அந்தக் கைதான். நீ போன நாளிலிருந்து நான் தைப்பது எல்லாவற்றிலும் அதைப் போடுகிறேன்.

அவள் எடுக்க வருவதற்கு முதல் நாள், மோட்டார் சைக்கிள்காரர் வந்து நின்றார். யார் சொன்னார்கள் என்று இன்னும் தெரியாது. எதிர்க்கடைக்காரர் தேத்தண்ணீர் தரும்போது இப்போதெல்லாம் அவருடைய முகத்தைப் பார்க்கிறேன்.

"அம்மா, இது யாருக்கு தைக்கிறது?"

"கனடாப் பிள்ளை ஒண்டுக்கு. விளையாட்டுக்கு."

"என்ன விளையாட்டு?"

"ஆளுக்காள் பெயின்ட் அடிக்கிறது."

எனக்கே நம்பிக்கை வராத பதில். அவர் மேலங்கியைக் கொடியிலிருந்து எடுத்து ஒவ்வொரு வலைப்பைக்குள்ளும் விரலை விட்டுப் பார்த்தார். பட்டியை இழுத்தார், எல்லாம் கழன்று அவர் கையில் தொங்கியது. அவர் முகம் மாறியது. உள்பக்கத்தைப் புரட்டினார்.

"இந்த சிவப்பு நூல்? இது என்ன அடையாளம்?"

ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம். "கடை மார்க்" என்றால் முடிந்துவிடும். நீ அப்படித்தான் சொல்லியிருப்பாய். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, வாய் திறந்துகொண்டது.

"இது செத்துப்போன என்ரை சிநேகிதியின்ரை அடையாளம். அவளின்ரை தம்பியின்ரை சேர்ட்டுக் கொலருக்குள்ளையும் இதுதான் இருந்தது. உங்கடை ஆக்கள்தான் அவனைப் பஸ்சிலை ஏத்தினவை. நீங்கள் எத்தனையோ உடுப்புப் பாத்திருப்பியள் ஐயா. இப்பிடி ஒரு நூலை எங்கையும் காணேல்லையோ?"

அவர் கழன்ற பட்டியைத் திரும்பப் பூட்டி, மேலங்கியைக் கொடியில் கொழுவினார். வெளியே போய் மோட்டார் சைக்கிளில் ஏறினார். ஏறியவர் இறங்கித் திரும்ப வாசலுக்கு வந்தார்.

"சேர்ட் என்ன நிறம்?"

அது மனிதன் கேட்ட கேள்வியா, புலனாய்வுக்காரன் கேட்ட கேள்வியா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அவருடைய செருப்பைப் பார்த்தேன். செருப்பு எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

"இளநீலம்" என்றேன்.

சொல்லியிருக்கக்கூடாது என்பாய். நீ கண்ணுக்குள் வைத்திருந்த நிறத்தை அவர்களிடமே கொடுத்துவிட்டேன் என்று என்னோடு கதையாமல் இருந்திருப்பாய். இருக்கலாம். ஆனால் இத்தனை காலத்தில் அவனைப் பற்றி அவர்கள் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது. அதற்குப் பதில் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

பிள்ளை மறுநாள் வந்து மேலங்கியைப் போட்டுப் பார்த்தாள். அளவு சரி. இடதுகையால் பட்டியை இழுத்தாள், எல்லாம் காலடியில் விழுந்தது, கைதட்டிச் சிரித்தாள். கனடாவில் யாரோ அவளை முதல் ஆளாகச் சுட்டிருப்பார்கள் இந்நேரம்.

நான் இன்னும் கொலர்களைப் புரட்டிப் பார்க்கிறேன். அதை நீ எனக்குத் தந்துவிட்டுப் போகவில்லை, நானாகத்தான் எடுத்துக்கொண்டேன். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் இப்போதும் மெசினை நிறுத்தி நிமிர்கிறேன். முன்பு பயத்தில் மட்டும் நிமிர்வேன். இப்போது, அந்த மனிதர் ஏதாவது சொல்ல வருகிறாரோ என்றும் பார்க்கிறேன்.