பன்னிரண்டாவது டிக்கட்

சேசு மரி சூசை துணை

உக்குவளை,
வியாழக்கிழமை.

அன்புள்ள மகள் ஷெனாலிக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் மழைக்கு முன்னால் முனகுகிறது, என் சீனி வருத்தம் மாத்திரை போட்டும் போன மாதம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நீயும் மருமகனும் அந்தக் குளிரில் நலமாயிருக்க வேண்டுமென்று செபமாலையில் ஒரு பத்து மணியை உங்களுக்கென்றே ஒதுக்கிச் சொல்கிறேன். போன் இருக்கும்போது அம்மாவுக்கு என்ன கடிதம் என்று நீ சிரிப்பாய், சிரி. இந்த வீட்டில் போனில் ஒரு ரகசியம் நிற்காது மகள். வாட்ஸ்அப்பில் எழுதினால் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்த காலத்தில் பஸ் நேரம் கூவினது போல எல்லோருக்கும் கேட்க வாசிக்கிறார். குரலில் அனுப்பினால் உன் அப்பாவின் அக்கா, அத்தை, அதை ஹோலில் இரண்டு தரம் போட்டுக் கேட்கிறார். பக்கத்து வீட்டு ஜுனைதாவின் மருமகள் ஷஸ்னா வருகிற செவ்வாய்க்கிழமை மெல்பர்னுக்குத் திரும்புகிறாள், அவள் கையில் கொடுத்துவிடுகிறேன், நன்றாக ஒட்டித்தான் கொடுப்பேன்.

விஷயம் இதுதான். நத்தார் பண்டிகைக்கு நீ வாங்கித் தந்த அந்தப் பெரிய டிவிக்கு, வீட்டிலிருந்தே படம் பார்க்க என்று ஒரு பாஸ்வேர்டும் தந்தாயே, தயவு செய்து அதை மாற்றிவிடு. யார் கேட்டாலும் கம்பனிக்காரன் நிறுத்திவிட்டான், ஏன் என்று தெரியாது என்று சொல். நீ ஆசையாகச் செய்தது, எனக்குத் தெரியும், கோபித்துக்கொள்ளாதே. ஆனால் வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்ட கதையாகிவிட்டது. உன் அத்தை இரண்டு மகள்மாரையும் அவர்களுடைய பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பின்னேரம் இரண்டு மணிக்கே வந்து உட்கார்ந்துவிடுகிறார், நாவுலயிலிருந்து சொந்தக்காரர் வந்தால் அவர்களும் அங்கேயே. போன மாதம் ஒரு கொலைப் படம் பார்த்தோம். தியேட்டரில் என்றால் இரண்டரை மணித்தியாலப் படம், நம் வீட்டில் ஒன்பது நாள் ஓடியது. அத்தைக்குக் கால் மரத்தால் நிறுத்து, பிள்ளைக்கு ஒண்ணுக்கு வந்தால் நிறுத்து, மீன்காரன் ஹோர்ன் அடித்தால் நிறுத்து. உன் அப்பா பழைய பழக்கத்தில் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் மணி பார்த்துச் சொல்கிறார். இதில் என் வயிறு எரிவது எதற்கென்றால், எல்லோருக்காகவும் படத்தை நிறுத்துகிறவர்கள் நான் தேத்தண்ணி ஊற்றப் போனால் மட்டும் நிறுத்துவதில்லை. அம்மாவுக்குப் பிறகு கதையைச் சொல்லலாந்தானே என்கிறார் அப்பா. பதினோரு கோப்பை ஊற்றிக்கொண்டு வருவதற்குள் படத்தில் இரண்டு பேர் செத்திருப்பார்கள். அந்தக் கொலையைச் செய்தது யார் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது, கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள்.

உனக்கு நினைவிருக்கும், நானும் சர்மிளா டீச்சரும் மாதத்தில் முதல் சனிக்கிழமை மாத்தளைக்குப் போய் இரண்டரை மணி ஷோ பார்ப்போம். நல்ல படமோ கெட்ட படமோ, அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அந்த மூன்று மணித்தியாலமும் என்னிடம் யாரும் தேத்தண்ணி கேட்க மாட்டார்கள் மகள். அங்கே எனக்காகவும் படத்தை நிறுத்த மாட்டார்கள், வேறு ஒருத்தருக்காகவும் நிறுத்த மாட்டார்கள், அந்த நியாயம் எனக்குப் பிடிக்கும். சீட்டில் ஸ்பிரிங் குத்தினாலும் அது என்னுடைய சீட். இப்போது அதற்கும் தடை வந்துவிட்டது. ஊட்டுலயே படம் ஓடுது, பஸ்ஸேறிப் போயி மூட்டப்பூச்சிக்கு ரத்தம் குடுக்கணுமா என்று அப்பா ஒரே சொல்லில் முடித்துவிட்டார், அத்தையும் தலையாட்டினார்.

இந்த நேரம் பார்த்து டிக்கட் கிழிக்கிற ஸக்கரியா நானாவை டீச்சர் சந்தையில் கண்டிருக்கிறார். பன்னெண்டு பேரு சேராட்டி மெஷின் போட வேணாண்டு மொதலாளி சொல்லிட்டாரு டீச்சர், ரெண்டு சனிக்கிழமையா ஷோ இல்ல, இந்தச் சனியும் ஆள் வராட்டி மூடிட்டு கல்யாண ஹோல் கட்டப் போறாங்க என்றாராம். எனக்கு அடுப்படியிலேயே கண் கலங்கிவிட்டது. கல்யாண ஹோல் என்றால் அங்கேயும் நான் போய்ப் பரிமாறத்தானே வேண்டும். ஆகவே நாளை மறுநாள் போகப் போகிறேன். சீனி பார்க்க மாத்தளையில் டொக்டரைச் சனல் பண்ணி நம்பர் எடுத்திருக்கிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன், முழுப் பொய், பாவசங்கீர்த்தனத்தில் பார்த்துக்கொள்கிறேன். ஆள் பிடிக்கிற வேலை டீச்சருடையது. மிச்சத்தை வந்து எழுதுகிறேன், நீ பாஸ்வேர்டை மறக்காதே.

ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் பிறகு.

மகள், மேலே எழுதினதைக் கிழித்துப் போடலாம் என்று பார்த்தேன், நல்ல தாள், மனம் வரவில்லை. நீ பாஸ்வேர்டை மாற்றக் கூடாது. கையும் வைக்காதே. ஏன் என்று முழுக்க வாசித்துப் பார்.

நேற்றுக் காலையிலேயே உன் அப்பா முகம் வழித்துப் பவுடர் போட்டுக்கொண்டு, மாத்தளைக் கோயில் சபைக் கூட்டம், வர அஞ்சரை ஆகும் என்று சொல்லிப் புறப்பட்டுவிட்டார். எனக்கு வசதியாகப் போயிற்று. சனிக்கிழமை என்பதால் பன்னிரண்டரைக்கே வந்துவிட்ட அத்தைக்கும் கூட்டத்துக்கும் பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றி வைத்து, நீ பார்க்கச் சொன்ன அந்தப் பன்னிரண்டு பாகத் தொடரைப் போட்டுக் கொடுத்தேன். நான் படி இறங்கினதை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. வீடு பற்றி எரிந்தாலும் பார்த்திருக்க மாட்டார்கள்.

தியேட்டர் வாசலில் டீச்சர் வகுப்புக்கு வரவு எடுக்கிற மாதிரி நிற்கிறார். அவருடைய தங்கச்சி குடும்பம் நான்கு பேர், டீச்சரிடம் படித்த முச்சக்கரவண்டிக்காரர் மூன்று பேர், டீச்சர் முறைத்ததால் மட்டுமே வந்தவர்கள், மூலையில் நிற்கிற ஒரு காதல் ஜோடி. அவர்கள் திரையைப் பார்க்கப் போவதில்லை என்றாலும் டிக்கட் இரண்டு. டீச்சரையும் என்னையும் சேர்த்துப் பதினொன்று. ஸக்கரியா நானா மூன்று தரம் எண்ணினார், மூன்று தரமும் பதினொன்றுதான். இரண்டரை அடித்துவிட்டது. டீச்சர் றோட்டுக்குப் போய் லொத்தர் சீட்டு விற்கிறவரைக் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், அவர் வரவில்லை. நான் நம் கோயில் கோபுரத்து மாதாவை நினைத்துக்கொண்டு, பொய் சொல்லி வந்தவளுக்கு நீ உதவி செய்வாயா என்று வெட்கத்தோடு கேட்டேன். அந்த நேரம் நானா மேலே பெல்கனி டிக்கட் கொடுக்கிற ஜன்னலுக்குக் குரல் கொடுத்தார். பிறகு எங்களிடம் திரும்பி, சரி சரி உள்ளுக்குப் போங்க, மேல ஒருத்தரு ஒண்ணரைக்கே வந்து குந்திட்டு இருக்காரு, பன்னெண்டு சரி என்றார். டீச்சர் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். மணி அடித்தது, விளக்கு அணைந்தது, நான் என் ஸ்பிரிங் சீட்டில் உட்கார்ந்து, சத்தியமாகச் சொல்கிறேன், படம் தொடங்க முன்னரே அழுதுவிட்டேன்.

இடைவேளைக்கு விளக்குப் போட்டார்கள். யார் அந்தப் புண்ணியவான் என்று பார்க்கத் திரும்பினேன். பெல்கனிக் கம்பியில் ஒரு குடை தொங்குகிறது. மஞ்சள் நிறம், முழுக்கக் கங்காரு. அந்தக் குடை இந்த மாத்தளை மாவட்டத்தில் ஒன்றே ஒன்றுதான் உண்டு, அது உன் அப்பாவுக்கு நீ அனுப்பினது. குடைக்குப் பின்னால் சபைக் கூட்டம் ஒரு கையில் பெட்டிஸோடும் மறு கையில் சோஸ் போத்தலோடும் உட்கார்ந்திருக்கிறது. அவரும் என்னைக் கண்டார். கள்ளனுக்குத் தேள் கொட்டினது போல இரண்டு பேரும் அப்படியே இருந்தோம். பிறகு உன் அப்பா மெல்ல மெல்லக் கம்பிக்குக் கீழே இறங்கி மறைந்தார், மறந்துபோய்க் குடையை அங்கேயே விட்டுவிட்டார். டீச்சர் சிரிப்பை அடக்கச் சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் ஸக்கரியா நானா ஒரு கோப்பையோடு வந்தார். மேல இருக்கிற ஐயா குடுக்கச் சொன்னாரு என்று நீட்டினார். பிளேன்டீ. வாயில் வைத்தால் சீனி இல்லை. மறந்துவிட்டீர்களா நானா என்று கேட்டேன். இல்லம்மா, அவங்களுக்குச் சீனி வருத்தம், இண்டைக்குத்தான் டொக்டருகிட்ட போயிருக்காங்க, சீனி போட்டுராதீங்கண்டு ரெண்டு தரம் சொல்லி உட்டாரு என்றார். முப்பத்துநான்கு வருசத்தில் உன் அப்பா எனக்குத் தந்த முதல் தேத்தண்ணி அதுதான் மகள். கசப்பாக இருந்தது, ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

வரும்போது அவர் முந்தின பஸ்ஸில், நான் பிந்தின பஸ்ஸில். வீட்டில் அத்தையும் கூட்டமும் ஆறாவது பாகத்தில் இருந்தார்கள், நான் வந்ததையும் காணவில்லை. அப்பா கதிரையில் உட்கார்ந்து பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு, சீனி எவ்வளவாம் என்று கேட்டார். கூடவும் இல்லை குறையவும் இல்லை, அடிக்கடி வந்து காட்டச் சொல்கிறார்கள் என்றேன். கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று நானும் கேட்டேன். பேப்பருக்குப் பின்னாலிருந்து பன்னெண்டு பேரு என்றார். அடுத்த சனியும் கூட்டமா என்று கேட்டேன். ஆமா, ஆள் கொறஞ்சா சபையைக் கலைச்சிருவாங்களாம் என்றார். அவ்வளவுதான் பேச்சு, நான் அடுப்படிக்குப் போய்ச் சிரித்தேன்.

தியேட்டர்களுக்கு இனி எதிர்காலம் இல்லை என்று பேப்பரில் எழுதுகிறார்களாம், அப்பா வாசித்துச் சொன்னார். எழுதுகிறவர்கள் நம் வீட்டு ஹோலில் வந்து ஒரு படம் பார்க்க வேண்டும். டிவி பெரிதாகப் பெரிதாக வீட்டிலிருந்து தப்பி ஓடுகிற ஆட்களும் கூடுவார்கள் என்பது என் எண்ணம். ஆகவே அந்தப் பாஸ்வேர்டை அப்படியே வைத்திரு, நிறையப் பாகம் உள்ள தொடராகப் பார்த்துச் சொல், அழுகை கூடினது நல்லது, அத்தை அசைய மாட்டார்.

நீ பச்சைத் தண்ணீரில் தலை முழுகாதே, மருமகனுக்கு மிளகு ரசம் வைத்துக் கொடு, ஞாயிறு பூசையை விடாதே. உன் வீட்டில் யார் தேத்தண்ணி ஊற்றுகிறார்கள் என்று எனக்குத் தனியாக எழுது. மாதா உங்கள் இருவரையும் தன் மேலாடைக்குள் வைத்துக் காக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, அடுத்த முறை நீ போனில் வரும்போது எல்லோருக்கும் கேட்க, அம்மா உங்க சீனி எப்பிடி, வாரா வாரம் போய்க் காட்டுங்க என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அப்பாவிடமும் சபையை விட்டுவிட வேண்டாம் என்று சொல்.

உன் முத்தங்களுக்குக் காத்திருக்கும் அம்மா,
அருள்மணி ராஜநாயகம்.