கோபமில்லாத நான்கு மாதங்கள்

அம்மா,

இன்று காலை தண்ணீர்க் குடத்தில் விரிசல் விட்டுவிட்டது. வேறு பாத்திரம் தேடியபோது கட்டிலுக்கு அடியிலிருந்து உன் பித்தளைச் சொம்பு வந்தது. புளி போட்டுத் துலக்கினேன். அதன் வயிற்றில் இருக்கும் பள்ளங்கள் விரலில் பட்டன. எது எதில் மோதி விழுந்தது என்று என்னால் சொல்ல முடியும். பெரியது நம் வீட்டுக் கதவு. அதற்குப் பக்கத்தில் இருப்பது மேஸ்திரியின் தோள். நீ தலைக்குத்தான் குறி பார்த்தாய். கழுத்தை ஒட்டி நகம் அளவுக்கு இருப்பது என் முழங்கை.

அப்போது நான் பி.யூ.சி. முதல் வருடம். பஸ்ஸில் ஒருவன் இடுப்பைக் கிள்ளினான் என்று அழுதுகொண்டு வந்தேன். நீ என்ன செய்தாய் என்று கேட்டாய். ஒன்றும் செய்யவில்லை, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வந்துவிட்டேன் என்றேன். சொம்பு பறந்து வந்தது. மறுநாள் நீ வேலைக்குப் போகாமல் என்னோடு அதே பஸ்ஸில் ஏறினாய். அவனைக் காட்டு என்றாய். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் குனிவதற்கு முன் என் கண் போன திசையை நீ பார்த்துவிட்டாய். செருப்பைக் கழற்றி அவன் வாயிலேயே அடித்தாய். உதடு கிழிந்து வெள்ளைச் சட்டையில் ரத்தம் சொட்டியது. "யாகம்மா, யாகெ?" என்று கன்னடத்தில் காரணம் கேட்டு ஓடிவந்த கண்டக்டருக்கும் ஒன்று விழுந்தது. நான் அதன் பிறகு அந்த பஸ்ஸில் ஏறவில்லை. "உனக்கு வெட்கம் கிள்ளியவனாலா, அம்மாவாலா?" என்று அன்றைக்கு யாராவது என்னைக் கேட்டிருந்தால், அம்மாவால் என்றுதான் சொல்லியிருப்பேன்.

நான் பள்ளியில் படித்ததெல்லாம் கன்னடம். இந்தத் தமிழ் எழுத்து பின்னால் நானாகப் பழகியது. நீ இருந்தபோது இதில் உனக்கு ஒரு வரியும் எழுதியதில்லை. எழுதியிருந்தாலும் உனக்குப் படிக்கத் தெரியாது. அதனால்தானோ என்னவோ, இப்போது சொல்ல முடிகிறது.

கோபிநத்தத்திலிருந்து மைசூருக்கு வந்து விஜயநகரில் பாதி வீடுகளுக்கு மணல் சுமந்தவள் நீ. அப்பா குண்டலுபேட்டையில் இன்னொரு குடும்பம் வைத்திருக்கிறார் என்று தெரிந்த அன்றே கிளம்பிப் போய், பஸ் ஸ்டாண்டில் பத்துப் பேர் பார்க்க அவரை மண்ணில் தள்ளி மிதித்துவிட்டு வந்தாய். வந்த கையோடு அவரைக்காய் பொரியல் செய்து எனக்குச் சோறு போட்டாய். எனக்கு இறங்கவில்லை. முதுகில் ஓங்கி அறைந்தாய். "தின்னுடி. அவனுக்காக நீ பட்டினி கெடந்தா நான் இன்னொருக்கா பஸ் ஏறோணும்." அழுதுகொண்டே தின்றேன். பொரியல் நன்றாக இருந்தது.

நீ வேலை செய்த கட்டடத்தில் ஒருநாள் மருத்துவ முகாம் போட்டார்கள். நர்ஸ் உன் கையில் பிபி பட்டையைச் சுற்றிப் பார்த்தாள், மறுபடி பார்த்தாள், எழுந்து போய் டாக்டரைக் கூட்டி வந்தாள். அவர் மாத்திரை எழுதிவிட்டு, மொழிபெயர்த்துச் சொல்ல, அங்கே வந்திருந்த என்னை அழைத்தார். தினமும் காலையில் ஒன்று, ஆயுள் முழுக்க, உடம்பு நன்றாக இருந்தாலும் நிறுத்தக்கூடாது என்று கன்னடத்தில் சொன்னார். நான் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். நீ கேட்டுக்கொண்டு, பிபி என்றால் கோபம்தானே, அது இருப்பது எனக்கே தெரியுமே, இதைச் சொல்ல ஒரு டாக்டரா என்றாய்.

நீ மட்டுமா அப்படி நினைத்தாய்? நம் வரிசை வீடுகளில் யார் கத்தினாலும் பிபி ஏறிவிட்டது என்றுதான் பேச்சு. ஆகவே உன் கணக்கில் அது கோபத்துக்கான மாத்திரை ஆயிற்று. சண்டை போட்டுவிட்டு வந்தால் ஒன்று. அடிதடி என்றால் இரண்டு. பக்கத்து வீட்டு ரத்னம்மா காப்பிப் பொடி கடன் கேட்க வரும்போது வாசலிலேயே நின்று, "மாத்ரெ ஆய்த்தா அக்கா?" என்று விசாரித்துவிட்டுத்தான் உள்ளே வருவாள். நீயும் சிரிப்பாய். அநேகமாகத் தினமும் யாரோடாவது நீ சண்டை போட்டதால், அநேகமாகத் தினமும் மாத்திரை உள்ளே போனது. நானும் அதோடு விட்டுவிட்டேன்.

நான் பி.எஸ்சி. கடைசி வருடத்தில் இருந்தபோது சிக்குன்குனியா வந்தது. வரிசை முழுக்க முடங்கிக் கிடந்தது. ஜுரம் ஒரு வாரத்தில் இறங்கினாலும் மூட்டுகளை விடவில்லை. நீ கக்கூசுக்குத் தவழ்ந்து போனாய். உன் விரல்கள் வீங்கி முஷ்டி மடங்கவில்லை. மடங்காத கையை என்னிடம் நீட்டி, இதை வைத்துக்கொண்டு யாரை அடிப்பது என்று கேட்டாய். மருந்துக் கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கி வேளைக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டு, நிற்க முடிந்ததும் வேலைக்குப் போனாய். வாரக்கணக்காக அந்த மாத்திரையில்தான் மணல் சுமந்தாய்.

பிறகு நீ அமைதியாகிவிட்டாய்.

அந்த நான்கு மாதங்களை எப்படி எழுதுவது? மேஸ்திரி ஏசினால் பேசாமல் நின்றாய். குழாயடியில் ஒருத்தி உன் குடத்தைத் தள்ளிவிட்டு முன்னால் போனாள். எடுத்துக்கொண்டு பின்னால் போய் நின்றாய். சாயங்காலம் வந்ததும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து நான் படிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஒருநாள் எண்ணெய் வைத்து எனக்குத் தலை வாரிவிட்டாய். உன் கை என் தலைக்கு மேல் வந்தபோது பழக்கத்தில் நான் தோளைக் குறுக்கிக்கொண்டேன். சீப்புதான் இறங்கியது. ஜுரத்தோடு பேயும் ஓடிவிட்டது என்றாள் ரத்னம்மா. முகம்கூட ஊதி நிறம் கொடுத்திருக்கிறது, இப்போதுதான் பார்க்க ஒரு வீட்டு எஜமானி மாதிரி இருக்கிறாய் என்றாள்.

முகம் காலையில்தான் ஊதியிருக்கும். நான் கவனித்தேன். செருப்பு வார் உன் பாதத்தில் பதிந்த தடம் இரவுவரை மறையாமல் இருந்ததையும் கவனித்தேன். சோற்றில் இரும்பு ருசி அடிக்கிறது என்று தட்டைத் தள்ளிவைத்தாய். நான் எதையும் கவனிக்காமல் விடுகிறவள் இல்லை. பேசாதவர்களுக்குக் கண்தானே வேலை. ஆனால் பிறந்ததிலிருந்து முதல் தடவையாக என் வீட்டில் எதுவும் உடையவில்லை. யார் கதவைத் தட்டினாலும் நான் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பாடம் தலையில் ஏறியது.

தேர்வுக்கு முந்தின வாரம், காலையில், நீ அரிசி டப்பாவில் கை விட்டு மாத்திரை அட்டையை எடுத்தாய். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி நின்றாய்.

"ஏங் கண்ணு, இது போட்டு வெகு நாளாச்சு. போடட்டுமா?"

எனக்குப் பதில் தெரியும். அந்த டாக்டர் சொன்னது ஒவ்வொரு சொல்லாக நினைவில் இருந்தது. ஆனால் அந்த அட்டையைப் பார்த்ததும் சண்டை நாட்கள்தான் என் கண்முன் வந்தன. அதைப் பிரித்தால் அவையும் திரும்பி வந்துவிடும் என்று ஒரு பயம். வேதியியல் படித்த பெண்ணுக்கு வரக்கூடாத பயம்.

"நீதான் இப்பக் கோவப்படறதே இல்லையேம்மா" என்றேன்.

நீ சிரித்தாய். அட்டையை அரிசிக்குள் புதைத்து மூடினாய்.

என் தேர்வு முடிந்த மூன்றாம் நாள், இரண்டாம் மாடிக்கு மணல் ஏற்றும்போது மூச்சு முட்டிப் படியில் உருண்டாய். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அழுத்தம் பல வருடமாகவே கிட்னியை அரித்திருக்கிறது, ஜுரமும் வலி மாத்திரைகளும் மிச்சமிருந்ததை முடித்துவிட்டன, கடைசியில் அழுத்தத்துக்கு மருந்தே போகவில்லை என்றார். அம்மா நான்கு மாதமாக நிம்மதியாகத்தான் இருந்தார் என்றேன். அது நிம்மதி இல்லை, ரத்தத்தில் கழிவு ஏறினால் ஆளை அப்படித்தான் சாய்த்துப் போடும் என்றார் அவர். இதை உனக்கு மொழிபெயர்க்கவேண்டிய இடத்தில், கிட்னியில் கோளாறு, சுத்தம் செய்வார்கள் என்று மட்டும் சொன்னேன்.

வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். இரண்டாம் மாதம் உனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. பக்கத்துப் படுக்கைக் கிழவருக்கு நடுக்கம் எடுத்தபோது நீ ஆளைக் கூப்பிட்டுக் கத்தினாய். மிஷின் பார்க்கும் பையன் திரும்பாமலே, "ஏய், சும்னிரு" என்றான். உன்னைச் சும்மா இருக்கச் சொல்லிவிட்டான். நீ பிளாஸ்திரியோடு ஊசியைப் பிடுங்கி எறிந்தாய். ரத்தம் பீறிட்டுச் சுவரிலும் அவன் முகத்திலும் அடித்தது. அதே கையால் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து அறைந்தாய். மூன்று பேர் சேர்ந்து உன்னை அமுக்கினார்கள். நீ ஒருத்தியின் மணிக்கட்டைக் கடித்தாய். எல்லோரும் என்னைத் திட்டினார்கள். நான் தலை குனிந்து நின்றேன். உள்ளுக்குள் எனக்கு ஒரே சந்தோஷம், அம்மா. கோபம் வந்துவிட்டது, இனி நீ பிழைத்துக்கொள்வாய் என்று நம்பினேன். அப்போதும் என் புத்தி அவ்வளவுதான்.

அந்தத் தெம்பு நிற்கவில்லை. உன் கால்கள் மறுபடி வீங்கி நடை நின்றபோது, ஒரு மத்தியானம், வார்டில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் உன்னிடம் சொல்லிவிட்டேன். அந்தக் காலையில் நீ கேட்டதையும், எனக்குப் பதில் தெரிந்திருந்ததையும், தெரிந்தே வேறு சொன்னதையும். வீடு சத்தமில்லாமல் இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்பதையும் சொன்னேன்.

நீ கையைத் தூக்கினாய். அது மேலே வருவதற்கே நேரம் பிடித்தது. நான் முகத்தை அருகே கொண்டுபோனேன். கன்னத்தில் அறைந்தாய். வலிக்கவே இல்லை. நான் அழுதது அதற்காகத்தான்.

"எச்சக்கல நாயே," என்றாய், மூச்சு வாங்க. "அன்னைக்கே என்ர செவுள்ல ஒண்ணு உட்டு, மாத்திரைய வாய்க்குள்ள திணிச்சிருக்கோணும்டி நீ. என்ர வவுத்துலதான பொறந்தே?"

மன்னித்ததாக நீ சொல்லவில்லை. அதன் பிறகு மூன்று வாரம் இருந்தாய். சோறு ஊட்ட வந்தவர்களை எல்லாம் திட்டினாய், என்னைத் தவிர. என்னோடு பேசாமலே வாங்கிச் சாப்பிட்டாய். ஒரு திங்கட்கிழமை, மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே உன் நெஞ்சு நின்றது.

இப்போது நான் ஒரு சின்ன கிளினிக்கில் முன்மேசையில் இருக்கிறேன். டாக்டரைப் பார்க்குமுன் எடையும் பிபியும் பார்த்து எழுதித் தருவது என் வேலை. நோயாளிகள் இரண்டு தடவை கேட்டால்தான் என் குரல் அவர்கள் காதில் விழும். போன மாதம் கொள்ளேகால் பக்கத்துக் கொத்தனார் ஒருவர் மனைவியோடு வந்தார். நல்ல ஆகிருதி, பூனை மாதிரிப் பேச்சு. பட்டையைச் சுற்றிப் பார்த்தேன், மறுபடி பார்த்தேன். மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். நிறுத்தி ஒரு மாதம் ஆகிறது என்றார்.

"நமக்குக் கோவமே வராதுங் மேடம். இவளக் கேட்டுப் பாருங்."

மனைவி, ஆமாங்க, தங்கமான மனுசன் என்றாள்.

நான் எழுந்ததே எனக்குத் தெரியாது. மேசையில் அடித்த அடியில் அடுக்கிவைத்த பதிவுச் சீட்டெல்லாம் கீழே கொட்டியது. என்ன சொன்னேன் என்று முழுவதும் நினைவில்லை. கிட்னி போகும், ஊசி குத்துவார்கள், ரத்தம் சுவரில் அடிக்கும் என்று கத்தியிருக்கிறேன். எருமைமாடே என்று அவரைச் சொன்னேனாம். வரிசையில் இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, வரிசையைத் தாண்டி டாக்டரிடம் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் சீட்டு எழுதியதும் மாத்திரையை வாங்கி வரச்செய்து என் எதிரிலேயே விழுங்க வைத்தேன். நாக்கைத் தூக்கிக் காட்டு என்றேன். அந்தப் பெரிய மனிதர் தூக்கிக் காட்டினார்.

டாக்டர் என்னைக் கூப்பிட்டு, வருகிறவர்களிடம் இப்படிப் பேசலாமா என்று கண்டித்தார். சரி சார் என்றேன். வழக்கமான என் குரலில்தான் சொன்னேன், அவருக்கும் கேட்டிருக்காது.

நேற்று அந்தக் கணவனும் மனைவியும் மறுபடி வந்தார்கள். பிபி இறங்கியிருந்தது. அவர் பக்கம் திரும்பாமல், மனைவி மட்டும் என் மேசையில் சாய்ந்து குரலைத் தாழ்த்திச் சொன்னாள். மாத்திரை எதுக்கு என்று அவர் இன்னும் தினமும் இழுக்கிறாராம். அந்தப் புள்ளைகிட்டச் சொல்லட்டுமா என்று கேட்டால் போதுமாம், உடனே வாயைத் திறந்துவிடுகிறாராம்.

என்னைக் கண்டு ஒருவர் பயப்படுவது இதுதான் முதல் தடவை, அம்மா. நன்றாக இருந்தது.