சிவப்புத் தொப்பி

அன்பின் அனோஜினிக்கு,

மாதாவின் காவலில் சுகமாயிருக்கிறேன். மொன்றியலில் பனி கொட்டுகிறதாம். வாசற்படிக்கு உப்புப் போடும், நேரத்துக்குச் சாப்பிடும். நீர் போன் எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஜப்பானுக்கு வந்த வேலைக்கு இன்று லீவு. கியோட்டோவில் தனியே கோயில்கள் பார்த்தேன். ஓரிடத்தில் சின்னக் கற்சிலைகளுக்குச் சிவப்புத் தொப்பி போட்டிருந்தார்கள். நாங்கள் மாதாவுக்குச் சேலை சாத்துவதுபோல நேர்த்திக்கடனாக்கும் என்று நினைத்து, என் மஃப்ளரை ஒரு சிலைக்குச் சுற்றிவிட்டு உமக்காக மன்றாடினேன்.

பிறகு நூடில்ஸ் கடையில் இதைச் சிரிப்பாகச் சொன்னேன். கடைக்காரம்மா சிரிக்கவில்லை. வயிற்றிலேயே இறந்த பிள்ளைகளுக்காம் அது.

"உங்கட பிள்ளைக்கு எத்தனை மாதம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ஆறு என்றேன். நூடில்ஸ் நல்ல ருசி, முடிக்க ஏலவில்லை.

"அதைப் பற்றி இனிக் கதைக்காதேயுங்கோ" என்று விமான நிலையத்தில் சொன்னீர். கதைக்கமாட்டேன். நீர் பின்னி அலுமாரியில் ஒளித்துவைத்த தொப்பியைத் தபாலில் போடாமல் நீரே கொண்டு வாரும். தனியே அதை அந்தச் சிலைக்குப் போட்டுவிட என்னால் ஏலாது.

பஸ் வந்துவிட்டது.

உம்முடைய
ஜெராட்