சாய்ப்பின் கீழே உட்காராதே

லோர்னா,

நம் டிரெய்லர் வீட்டு வாசலில் நேற்று மாட்டிய துணிச் சாய்ப்பை விரிக்காதே. உன் அக்கா மாக்ஸின் வந்தால் உள்ளேயே உட்கார வை. இந்த யூமா பாலைவன வெயிலுக்கு வெந்துதான் போவீர்கள். மின்விசிறியைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

நேற்று ஏணியைப் பிடித்துக்கொண்டு, "செவுத்துக்கு உள்ள மரம் எப்படி இருக்கு? நெசத்தச் சொல்லு" என்று கேட்டாய். "கல்லு மாதிரி இருக்கு" என்றேன். பொய். சுவர்த் தகரத்துக்குப் பின்னால் மரம் ஊறிய ரொட்டியாக இருக்கிறது. ஆறு திருகாணியில் இரண்டுதான் பிடித்தது. மற்றதைப் பசை வைத்து அப்பிவிட்டேன். முப்பது வருஷமாக ஊரான் வீட்டுக்கெல்லாம் கூரை போடுகிறவன் செய்த வேலை இது.

"பொணத்துக்குத் தொப்பி மாட்டுற, ட்வைட்" என்று, இந்தப் பழைய டிரெய்லருக்குச் சாய்ப்பு வாங்கி வந்தபோதே நீ சிரித்தாய். மரம் செத்தது தெரிந்தால் அக்கா வீட்டுக்கே போய்விடுகிறேன் என்பாய். அந்தப் பயம்தான்.

மத்தியானம் புழுதிக்காற்று அடித்தால் சாய்ப்பு கம்பியோடு தலையில் விழும். மாக்ஸினிடமும் சொல். சிரித்தால் சிரிக்கட்டும்.

பீன்ஸ் அடுப்பில் இருக்கிறது. உப்புப் போடவில்லை.

ட்வைட்

இன்னொன்று: சாயங்காலம் வேலை முடிந்து வந்து தகரத்தைப் பிரித்துக் காட்டுகிறேன். பார்த்துவிட்டு நீ போகிறேன் என்றால் பெட்டியை நானே தூக்குகிறேன். நான் வருவதற்குள் மட்டும் போய்விடாதே.