பெட்டிக்குத் தைத்த உறை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் மூட்டுவலி தேவலையா?

இந்த நாட்டில் வீடியோ அழைப்புக்குத் தடை என்பதால், நம் வீட்டு இணையம் வழியாகப் பேசுவதற்காக வீட்டில் நான் வைத்துவிட்டு வந்த விபிஎன் பெட்டியில் இணைப்பு அடிக்கடி அறுந்ததே, இங்கிருந்தே பாஸ்வேர்டு, செட்டிங் எல்லாம் மாற்றிப் பார்த்தேன். கடைசியில், "சுவிட்சை ஏன் அணைக்கிறீங்க?" என்று உங்கள்மேல் எரிந்து விழுந்தேன்.

மறுநாள் அப்பாதான் சொன்னார்: "பெட்டி கொதிக்குதுடா. தூசி படக்கூடாதுன்னு உன் பழைய சட்டையில அம்மா உறை தைச்சுப் போட்டிருக்கா." அந்தச் சூட்டில்தான் நின்று நின்று போயிருக்கிறது.

உறையை எடுத்ததிலிருந்து இணைப்பு நன்றாக இருக்கிறது. உங்கள் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்கத்தான் வாய் வரவில்லை.

உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எனக்கு அனுப்புங்கள். தலையணைக்குப் போட்டுக்கொள்கிறேன். அளவு பத்தாதுதான், பரவாயில்லை.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகன்