மழைக்கோட்டுக் கேசட்

மார்ச் 4, செவ்வாய்

தொண்டை கரகரவென்று இருக்கிறது. வெந்நீரைக் குடித்துக் குடித்தே காலை அறிவிப்புகளை ஓட்டினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் நின்றுகொண்டு, வண்டி தாமதம் என்றதற்கு என்னை முறைத்தான். நான்தான் ரயிலை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன் போல! நான் வெறும் குரல் ஐயா, ஓட்டுகிறவர் வேறு.

வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதம். இவருடைய கையேடு, மூன்றாம் பதிப்பு. ஒரு ராக் குழு, கலைந்துபோய் எத்தனையோ வருஷம் ஆயிற்று. அது எந்தக் கச்சேரியில் எந்தப் பாட்டை எந்த வரிசையில் வாசித்தது, கூட்டத்தில் யார் அதைத் திருட்டுத்தனமாகக் கேசட்டில் பிடித்தார், எங்கே இரைச்சல், எங்கே எவன் இருமினான் என்றெல்லாம் எழுதிய புத்தகம். ரசிகர்களே ரசிகர்களுக்கு எழுதிக்கொள்வது. இதற்கென்று நாடு நாடாக ஒரு கூட்டம் இருக்கிறதாம். இவரும் மருந்துக்கடைக்காரரும் சேர்ந்து எழுதுகிறார்கள். ஞாயிறானால் இரண்டு பேரும் ஸ்பீக்கர் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு சாமியார்கள் மாதிரி உட்கார்ந்துவிடுவார்கள். காபி கேட்க மட்டும் கண் திறக்கும்.

இந்தத் தடவை பிழை திருத்த ஆள் கிடைக்கவில்லையாம். "நீ சும்மாதானே இருக்க, பாத்துக் குடு" என்றார். சும்மா! நாள் முழுக்கக் கத்திவிட்டு வருகிறவளைப் பார்த்து! முதல் இரண்டு பதிப்புகளையும் நான் திறந்துகூடப் பார்த்ததில்லை. சரி, தொலையட்டும் என்று வாங்கி வைத்தேன்.

மார்ச் 6, வியாழன்

இதை அப்படியே எழுதி வைக்கிறேன். பிறகு நானே நம்பமாட்டேன்.

"மழைக்கோட்டுக் கேசட். பழைய டிரம்மர் வாசித்த கடைசிக் கச்சேரி. கிடைத்திருக்கும் ஒரே பதிவு. முதல் பாட்டின் முதல் அடியிலிருந்து முழுமையாக உள்ளது. ஒலிப்பதிவு: நூலாசிரியர். கேசட்டைப் புரட்டிப் போட்ட இடம் இரண்டு பாட்டுகளுக்கு நடுவில், தேர்ந்த கை. வேகம் சற்று அதிகம். குறைகள்: மைக்குக்கு மிக அருகில் ஒரு பெண் கூடவே பாடிக் கெடுக்கிறாள், நாராசமான குரல். நான்காம் பாட்டின் நடுவே தாமதமாக வந்த தடியன் ஒருவன் இடித்துக்கொண்டு பேசுகிறான்."

ஒலிப்பதிவு, நூலாசிரியராம்.

அந்த மழைக்கோட்டு என்னுடையது. டேப் ரெக்கார்டருக்கு உள்ளே பை வைத்துத் தைத்தது நான். காலரில் மைக்கைச் செருகியது நான். பொம்பளைகளைச் சோதிக்க மாட்டார்கள் என்று யோசனை சொன்னதும் நான்தான். இவர் பேன்ட் பையில் மாற்று பேட்டரியும் இன்னொரு கேசட்டும் வைத்துக்கொண்டு, திருட்டு முழி முழித்து, வாசலிலேயே மாட்டிக்கொண்டார். காவலாளி இவரைப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் உட்கார வைத்துவிட்டான். நான் தனியாக உள்ளே போனேன். சிவப்புப் பட்டனை அழுத்தியது இந்த விரல். மழையில், கோட்டுக்குள்ளே, கண்ணால் பார்க்காமல் கேசட்டைப் புரட்டிப் போட்டது இந்தக் கை. "தேர்ந்த கை" இதுதான்.

காவலாளி விட்ட பிறகு, இவர் உள்ளே வந்ததே நடுவில்.

நாராசமான குரல். தினமும் ஒரு ஸ்டேஷனே கேட்டு நடக்கிற குரல் இது.

மார்ச் 7, வெள்ளி

சமைக்கவில்லை. ஏன் என்று இவர் கேட்கவும் இல்லை.

மார்ச் 8, சனி

கேட்டுவிட்டேன். காகிதத்தை மூஞ்சிக்கு நேரே நீட்டி, யார் இந்தப் பெண் என்று கேட்டேன்.

மறுப்பார், மழுப்புவார் என்று நினைத்தேன். மனுஷன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொல்கிறார்: "அது நீன்னு யாருக்கும் தெரியக்கூடாதுன்னுதானே ஒரு பெண்ணுன்னு போட்டேன். உன் மானத்தக் காப்பாத்திருக்கேன்."

ஐயோ, என்ன பெரிய மனசு!

பதிவு செய்தது நான்தானே என்றேன். இல்லையாம். மெஷின் இவருடையதாம், திட்டம் இவருடையதாம். நான் "கூட வந்தேனாம்". கொட்டகையைப் பற்றிக் கேட்டால், "எந்தக் கொட்டகை?" என்கிறார். முதல் அடியிலிருந்து அங்கேயே நின்றிருந்தாராம். டிரம்மர் குச்சியைத் தூக்கியதைப் பார்த்தாராம். அந்த முகத்தை நன்றாகப் பார்த்தேன். நடிப்பு இல்லை. கூட்டம் கூட்டமாக ரசிகர்களிடம் சொல்லிச் சொல்லி இவருக்கே அது நிஜமாகிவிட்டது. பொய் சொல்கிறவனோடு சண்டை போடலாம். இந்த ஆளை என்ன செய்வது?

மாற்று பேட்டரி இவரிடம் மாட்டிக்கொண்டதால்தான் என் மெஷின் சோர்ந்து ஓடியது. மெஷின் மெதுவாக ஓடிப் பிடித்ததை இப்போது சரியான வேகத்தில் போட்டால் எல்லாம் வேகமாகக் கேட்கும். "வேகம் சற்று அதிகம்" என்று எழுதத் தெரிகிறது, ஏன் அதிகம் என்று தெரியவில்லையா? சொன்னேன். "கத்தாத" என்றார்.

நான் கத்தவே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து இதே பேச்சுதான். மெதுவா பேசு, பக்கத்து வீட்டுக்குக் கேக்குது, கத்தாத.

மார்ச் 9, ஞாயிறு

மருந்துக்கடைக்காரர் வந்தார். இவர் குளிக்கப் போன நேரம் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். பாவம், காபியைக் கீழே வைக்கவும் தெரியாமல் குடிக்கவும் தெரியாமல் நெளிந்தார். நல்ல மனிதர். ஆனால் கையேடு என்று வந்துவிட்டால் கல்.

அவர்களுக்குள் ஒரு விதி இருக்கிறது. யார் எதை ஞாபகம் வைத்துச் சொன்னாலும் ஏற்பதில்லை. நேரில் நின்று பார்த்தேன் என்று சத்தியம் செய்தாலும் ஏற்பதில்லை. கேசட்டில் காதுக்குக் கேட்டால் மட்டும் எழுதுவார்கள். விதியை எழுதியவர் யார்? வேறு யார், குளித்துக்கொண்டிருந்த மகான்தான்.

அப்படியானால் ஒலிப்பதிவு நூலாசிரியர் என்பது எங்கே கேட்கிறது என்று கேட்டேன். முதல் பதிப்பிலிருந்து இருக்கிறதே என்று இழுத்தார். "மாத்தணும்னா கேசட்லேர்ந்து ஏதாவது காட்டுங்கம்மா. நான் மாத்தறேன். அண்ணன் கோச்சுக்கிட்டாலும் மாத்தறேன்."

இந்த மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறது. இதுதான் கடைசிப் பதிப்பாம், இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லையாம். இதில் விட்டால் எப்போதைக்கும் நான் மைக் பக்கத்தில் கெடுத்த ஒரு பெண்தான்.

மார்ச் 10, திங்கள்

மகள் போன் செய்தாள். "விடுங்கம்மா, பழைய கேசட்டுக்குப் போய்" என்றாள். அவள் ஆபீசில் எழுதிய அறிக்கையை மேலதிகாரி தன் பெயரில் அனுப்பியபோது எத்தனை நாள் சாப்பிடாமல் கிடந்தாள் என்று ஞாபகப்படுத்தினேன். பிறகு, "அப்ப விடாதீங்க" என்றாள்.

மார்ச் 13, வியாழன்

இன்று விடுப்பு. இவர் வேலைக்குப் போனதும் கேசட்டின் பிரதியைப் போட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் கேட்டதே இல்லை. அது இவருடைய சொத்தாயிற்றே.

முதலில் அழுகை வந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன். மழை, கூட்டம், அந்த முதல் அடி. கூடவே கீச்சுக் கீச்சென்று ஒரு குட்டிப் பெண். நானா? வேகம் கூடினதில் குரல் மெலிந்து கம்பி மாதிரி ஆகிவிட்டிருக்கிறது. நாராசம்தான். ஆனால் அது என் குரல் இல்லை, செத்துக்கொண்டிருந்த பேட்டரியின் குரல்.

அப்புறம் நான்காம் பாட்டு வந்தது. நடுவே யாரோ இடிக்கிறான், ஏதோ கீச்சிடுகிறான். கையேட்டில் சொன்ன அந்தத் தடியன். தாமதமாக வந்த—

ஐயையோ.

நிறுத்திவிட்டு, திரும்ப ஓட்டி, திரும்பக் கேட்டேன். தனியாக உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஆனால் இந்த வேகத்தில் கேட்டால் அது யார் குரல் என்று யாருக்கும் புரியாது. எலி பேசுகிற மாதிரி இருக்கிறது. மருந்துக்கடைக்காரருக்குப் போன் செய்து, புதுப் பதிப்புக்காக வேகத்தைச் சரி செய்தாயிற்றா என்று கேட்டேன். கிடாரின் சுருதியை வைத்துச் சரி செய்துகொண்டிருக்கிறாராம், ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறாராம்.

வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு அது கஷ்டம்.

மார்ச் 16, ஞாயிறு

ஸ்பீக்கர் முன்னால் மூன்றாவது நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். நீ எதற்கு என்று இவர் கேட்டார். பிழை திருத்துகிறவள் கேட்க வேண்டாமா என்றேன். காபி இன்றைக்குக் கிடையாது என்றும் சொல்லிவிட்டேன்.

முதல் பாட்டு. டிரம்ஸ் கனமாக இறங்கியது. இந்தக் குழு இப்படித்தான் வாசித்தது, எனக்குத் தெரியும், நான் இருந்தேன். கூடவே ஒரு பெண் குரல். கீச்சு இல்லை. நல்ல திடமான குரல். மருந்துக்கடைக்காரர் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். தினமும் என் அறிவிப்பைக் கேட்டு ரயில் ஏறுகிறவர் அவர். மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். இவர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

நான்காம் பாட்டு. நடுவே இடி, சலசலப்பு. ஒரு ஆண் குரல், தெளிவாக: "நகருங்க, கொஞ்சம் நகருங்க… ஏய், ஆரம்பிச்சாச்சா?"

உடனே பெண் குரல்: "மூணு பாட்டு போச்சுடா. வாய மூடு, ஓடிட்டிருக்கு."

இவர் தாளத்தை நிறுத்தினார். என் பக்கம் திரும்பினார். முகம் கறுத்துவிட்டது.

"யாரு அவன்?" என்றார். "'டா' போட்டுப் பேசற அளவுக்கு? யாரோட போயிருந்த நீ?"



மருந்துக்கடைக்காரர்தான் எழுந்து அதே இடத்துக்கு ஓட்டி மறுபடி போட்டார். நகருங்க, கொஞ்சம் நகருங்க. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னார்: "அண்ணே, அது நீங்க."

நான் இல்லை என்றார். என் குரல் இப்படியா இருக்கும் என்றார். மூன்றாம் தடவை போட்டபோது மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உலகத்தில் உள்ள எல்லா இருமலையும் தும்மலையும் அடையாளம் சொல்கிற காது, தன் குரலை அடையாளம் சொல்லத் தெரியாமல் போயிற்று.

டா! அப்போதெல்லாம் எனக்கு இவர் டாதான். 'வாங்க, போங்க' எல்லாம் கல்யாணத்துக்குப் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

மார்ச் 18, செவ்வாய்

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறார். சாப்பாட்டில் உப்பு இல்லை என்று இரண்டு தடவை சொன்னார். இருக்கிறது.

மார்ச் 20, வியாழன்

மாலையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கொட்டாய் ஒழுகிச்சு," என்றார். "தகரத்து மேல மழை. ஒரு பாட்டும் கேக்கல எனக்கு."

நான் மடித்துக்கொண்டே இருந்தேன். முதல் மூன்று பாட்டுகளை இவர் என் கேசட்டில்தான் முதல்முதலாகக் கேட்டார் என்று மனசு சொல்லிற்று. பாவமாகத்தான் இருந்தது. கொஞ்சம்.

அதோடு எழுந்து போயிருக்கலாம். ஒலிப்பதிவு "நாங்கள் இருவரும்" என்று போட்டுக்கொள்ளலாமா என்றார். முடியாது என்றேன். சரி, அந்தத் தடியன் வரியையாவது எடுத்துவிடலாமா என்றார்.

"கேசட்ல கேக்குதே," என்றேன். "விதி உங்களுது."

மார்ச் 25, செவ்வாய்

மருந்துக்கடைக்காரர் திருத்திய பக்கத்தைக் கொண்டுவந்தார். என் குரலைப் பற்றி, "கூடவே பாடுகிறார், சுருதி விலகவில்லை" என்று மாற்றியிருந்தார். போதும். புகழ வேண்டாம்.

ஆனால், "ஒலிப்பதிவு: நூலாசிரியரின் மனைவி" என்று இருந்தது. அடித்தேன். பட்டனை அழுத்தியபோது நான் யாருக்கும் மனைவி இல்லை. என் பெயரை எழுதினேன், அப்பாவின் இனிஷியலோடு. அன்றைக்கு எனக்கு அதுதான் இனிஷியல்.

இவர் மேசையின் மறுமுனையில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். பக்கத்தைத் திருப்பவே இல்லை.

மே 24, சனி

புத்தகம் வந்து ஒரு வாரம். இவர் இன்னும் என்னோடு அளந்துதான் பேசுகிறார், நானும் அப்படியே. ஆனால் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போனேன் என்று இன்று மதியம் கேரியரைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார். உப்புக் குறைச்சல் என்று நானும் சொல்லலாம் போலிருந்தது, இவர் சமையல்.

அறிவிப்பை முடித்துவிட்டு வெளியே வந்தால் வாசலில் ஒரு ஆள், தோளில் பயணப்பை, கையில் அந்தக் கையேடு. வேறு ஊர்க்காரர், வண்டி மாற இறங்கியவராம். பிளாட்பாரத்தில் என் குரலைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டாராம். இந்தக் கேசட்டை இருபது வயதிலிருந்து கேட்கிறாராம், இப்போது புதுசாகச் சரி செய்த வேகத்தில் கேட்டுக் கேட்டு இந்தக் குரல் மனப்பாடமாம்.

"நீங்கதானே அந்த மழைக்கோட்டு?" என்றார்.

ஆமாம் என்றேன். அந்தப் பக்கத்தில் கையெழுத்துக் கேட்டார். போட்டேன், பழைய இனிஷியலோடு.

அப்போதுதான் அவர் என் பக்கத்தில் கேரியரோடு நின்றவரைப் பார்த்து, சார் யார் என்று கேட்டார். புத்தகத்தின் அட்டையிலேயே பெயர் இருக்கிறது. இவர் வாயைத் திறக்கப் போனதைப் பார்த்தேன். நான் முந்திக்கொண்டேன்.

"நாலாவது பாட்டுக்கு வந்தவர்," என்றேன்.

அந்த ஆள் புத்தகத்தைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், மறுபடி புத்தகத்தைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, என்னோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"நகருங்க," என்றேன் இவரிடம். "கொஞ்சம் நகருங்க."

நகர்ந்து நின்றார்.